ஈலியை விட்டுப் போன சைமன்

அன்புள்ள தம்பி,

அம்மா எழுதுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னேன். "கூப்பிட்டுக் கொடுக்கிற பதவியை எவனாவது வேண்டாம் என்பானா?" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே முடித்துவிட்டார். உனக்கு அந்தப் பதில் போதாது. ஆய்வுக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, இனிமேல் பட்ஜெட்டும் ஆள்குறைப்பும் பார்க்கிற நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் நேற்று வரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். இதுதானே உன் கவலை? திட்டத்தான் செய்வார்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியில் கை வலிக்கிறது, அதனால் பழைய மாதிரி காகிதத்திலேயே எழுதி, உன் தங்கையிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இங்கிலாந்தில் நீ வீடு வாங்கியிருக்கிற ஈலியில் 650 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயர் இருந்தார். சைமன் லாங்கம் என்று பெயர். அவர் 1366இல் பதவி உயர்வு பெற்று, இங்கிலாந்துத் திருச்சபைக்கே தலைமையான கான்டர்பரிக்குப் பேராயராகக் கிளம்பியபோது, உன் ஊர்க்காரன் எவனோ லத்தீனில் இரண்டு வரி கட்டிவிட்டான். "சைமன் ஈலியை விட்டுப் போகிறார், வானமே மகிழ்ந்து கொண்டாடு, அவர் வருகிறார் என்று கென்ட் நாட்டில் நூறாயிரம் பேர் அழுகிறார்கள்." கான்டர்பரி இருப்பது கென்ட்டில். எழுதியவன் பெயர் தெரியாது, வரி மட்டும் நின்றுவிட்டது. அந்த மனிதரைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் இந்த இரண்டு வரியை விடுவதில்லை.

கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் நானும் அவரை ஒரே வரியில் தாண்டிவிடுவேன்: திருச்சபையை எதிர்த்து எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் விக்ளிஃபைக் கல்லூரித் தலைமையிலிருந்து இறக்கிய பேராயர். தேர்வுக்கு அது போதும். ஓய்வு பெற்ற பிறகுதான் சாவகாசமாகப் படித்தேன். படித்த பிறகு அந்த இரண்டு வரி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

ரட்லண்ட் என்று இங்கிலாந்தில் ஒரு சின்ன மாவட்டம் உண்டு. அங்கே லாங்கம் என்ற கிராமத்தில் 1310 வாக்கில் பிறந்தவர் சைமன். ஊர்ப் பெயரே அவர் பெயராகிவிட்டது. அப்பா பெயர் தாமஸ். இந்த தாமஸை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் வருவார். சைமன் 1335 அளவில் அப்போது லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். பெனடிக்ட் சபைத் துறவிகள் எடுக்கிற உறுதிமொழிகளில் ஒன்று, சேர்ந்த மடத்தை விட்டு நீங்குவதில்லை என்பது. ஏழ்மை, கீழ்ப்படிதல் எல்லாம் நாம் கேள்விப்பட்டதுதான். இந்த 'இடம் மாறாமை' சத்தியம்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்ட மனிதர்தான் பிறகு இத்தனை ஊர் சுற்றினார்.

வெஸ்ட்மின்ஸ்டர் சாதாரண மடம் இல்லை. அரசர்கள் முடிசூடுகிற இடம், பல மாவட்டங்களில் நிலபுலன், பக்கத்திலேயே அரண்மனை. நம் பக்கத்து ஆதீனம் ஒன்றை அரண்மனை வாசலில் வைத்தது போல என்று வைத்துக்கொள். உள்ளே இருந்த துறவிகள் ஏறக்குறைய ஐம்பது பேர்தான்.

1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் இறங்கியது. அடுத்த வருஷம் வசந்த காலத்தில் லண்டன் பிணக்காடானது. கான்டர்பரிப் பேராயர் நாற்காலியையே எடுத்துக்கொள்: 1348 ஆகஸ்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு இறந்தார். அவருக்குப் பதில் நியமிக்கப்பட்ட அஃபர்டு பதவியேற்பதற்குள்ளேயே 1349 மே மாதம் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த பிராட்வர்டைன், பெரிய கணித மேதை, அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார். ஒரு வருஷத்தில் மூன்று பேர்.

வெஸ்ட்மின்ஸ்டரில் 1349 ஏப்ரலில் சைமனை மடத்தின் இரண்டாம் நிலைத் தலைவராக்கினார்கள். மே மாதம் மடாதிபதி பர்ச்செஸ்டன் நோயில் இறந்தார். அவரைத் தவிர இன்னும் 26 துறவிகள். பாதிக்கு மேல் போய்விட்டார்கள், தம்பி. மிச்சம் இருந்தவர்கள் மே மாதக் கடைசியிலேயே சைமனை மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மடத்தின் சுற்றுத் தாழ்வாரத்தில், தெற்குப் பக்கம், தரையில் ஒரு நீளமான கருங்கல் பதிந்திருக்கிறது. 'நெட்டை மெக்' என்று செல்லப்பெயர். அந்த 26 பேரும் அதன் கீழேதான் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். நாம் எல்லோரும் அபே, அதாவது அந்த மடத்துத் தேவாலயம், பார்க்கப் போனபோது உன் மகள் அதன் மேல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை குதிக்கிறதற்குக் கல் என்ன செய்யும்.

அந்த நேரத்தில் மடாதிபதி ஆகிறவருக்குக் கையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். வயலில் வேலை செய்ய ஆள் இல்லை. இருந்தவர்களும் இரட்டைக் கூலி கேட்கிறார்கள். குத்தகை வரவில்லை. முந்தைய இரண்டு மடாதிபதிகள் வைத்துவிட்டுப் போன கடன் தலைமேல் நிற்கிறது. அந்த வருஷம் மடத்துக் கருவூலத்திலிருந்த நகைகளையும் பூசைப் பொருள்களையும் 300 பவுண்டுக்கு மேல் விற்றுத்தான் சமாளித்திருக்கிறார்கள். புது மடாதிபதிக்கு எல்லோரும் காணிக்கை கொடுப்பது வழக்கம். சைமன் வாங்க மறுத்தார். பழைய கடனை அடைத்தார். கட்டுப்பாட்டை இறுக்கினார். செலவைப் பிடித்தார். பதின்மூன்று வருஷத்துக்குள் மடம் நிமிர்ந்தது.

இதில் கதை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். புனிதர்கள் வாழ்க்கையில் அற்புதம் நடக்கும், காட்சி தெரியும். இவர் வாழ்க்கையில் கணக்குப் புத்தகம் சமன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பாட்டுக் கட்ட யாரும் வரவில்லை. ஆனாலும் வெஸ்ட்மின்ஸ்டர் துறவிகள் அவரைத் தங்கள் மடத்தின் இரண்டாவது நிறுவனர் என்ற அளவில் வைத்துப் போற்றினார்கள். நல்ல நிர்வாகியை உள்ளே இருக்கிறவன்தான் அறிவான். வெளியே இருக்கிறவனுக்கு அவன் 'கறார்ப் பேர்வழி'.

அரசர் மூன்றாம் எட்வர்டு பக்கத்து அரண்மனையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 1360 நவம்பரில் சைமனை நாட்டின் பொருளாளராக ஆக்கினார். பிரான்ஸோடு சண்டை போட்டுக் கஜானா காய்ந்துகிடந்த அரசருக்கு, கடன் அடைக்கத் தெரிந்த ஒரு துறவி கிடைத்தால் விடுவாரா?

அடுத்து ஆயர் பதவி. 1361இல் ஈலி ஆயர் தாமஸ் டி லைல் இறந்தார். இந்த மனிதர் ஓர் அரச குடும்பத்துப் பெண்மணியோடு வழக்கும் வம்புமாகி, அரசரின் கோபத்துக்கு ஆளாகி, போப்பிடம் ஓடிப்போய், அப்போது போப் இருந்த அவிஞ்ஞோன் நகரில் (இன்றைய பிரான்ஸின் தெற்கே) அடைக்கலமானவர். அங்கேயே கொள்ளைநோயில் உயிர் விட்டார். (ஈலி ஆயர்களுக்கும் அவிஞ்ஞோனுக்கும் என்னவோ ஒரு பொருத்தம்.) சைமன் ஈலிக்குத் தேர்வாகி, போப்பின் ஓலை வருவதற்குள் லண்டன் ஆயர் பதவியும் காலியாகி, அங்கேயும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். லண்டன் வேண்டாம், ஈலியே போதும் என்றுவிட்டார். 1362 மார்ச்சில் ஆயரானார்.

ஈலி அப்போது நீ பார்க்கிற மாதிரி கேம்பிரிட்ஜ் ரயிலில் கால் மணி நேரத்தில் வந்து இறங்குகிற ஊர் இல்லை. சதுப்புக்கு நடுவே ஒரு மேடு. விலாங்கு மீனைப் பிடித்து அதையே வரியாகக் கட்டிய ஜனங்கள். நீ தினம் படம் எடுத்து அனுப்புகிறாயே, அந்த எண்கோணக் கோபுரம், அது சைமன் வருவதற்கு இருபது வருஷம் முன்பே கட்டி முடிந்திருந்தது. அவர் ஈலியில் கட்டியதாகச் சொல்ல எதுவும் எனக்கு அகப்படவில்லை. கட்டுவதற்கு அவர் ஊரில் இருந்தால் அல்லவா? 1363இல் அரசர் அவரை சான்சலராக்கிவிட்டார். அரச முத்திரை அவர் கையில். நாட்டின் முதல் அமைச்சர் என்றே சொல்லலாம். நாள் முழுக்க வெஸ்ட்மின்ஸ்டரில், பழைய மடத்துக்கு எதிர்ப் பக்கம்.

சான்சலராக அவர் செய்ததில் இரண்டைச் சொல்கிறேன். நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்துப் பேசும்போது ஆங்கிலத்தில் பேசினார். இதில் என்ன பெரிய விஷயம் என்பாய். அரசவை பிரெஞ்சு பேசிய காலம், தம்பி; நீதிமன்ற வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். ஒரு சான்சலர் ஊர் மொழியில் நாடாளுமன்றத்தைத் திறந்தது அப்போது புதுசு.

இன்னொன்று 1366இல். 1213இல் ஜான் அரசர் நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, இங்கிலாந்தையே போப்பின் காலடியில் வைத்து, வருஷம் 1,000 மார்க் கப்பம் கட்டுவதாக எழுதிக்கொடுத்திருந்தார். பல வருஷமாக யாரும் கட்டவில்லை. ஐந்தாம் அர்பன் என்ற போப் பாக்கியைக் கேட்டு எழுதினார். அந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தவர் சான்சலர் சைமன். ஜான் தனியாகக் கொடுத்த வாக்கு நாட்டைக் கட்டாது, தரமுடியாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இந்த அர்பன் மறுபடி வருவார்.

அதே வருஷம் கான்டர்பரி காலியாகி, சைமன் பேராயர் ஆனார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதிகளில் அந்த நாற்காலிக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அப்போதுதான் உன் ஊர்க்காரன் அந்த இரண்டு வரியை எழுதினான்.

எதற்காக எழுதினான்? கறாராக வரி வசூலித்தாரா, ஊரில் இல்லாமலே வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டாரா, குருமார்களை விரட்டினாரா? என் ஊகம் எல்லாமும் கொஞ்சம். அதோடு ஒன்று: எப்போதும் ஓர் இடத்துக்கு வாங்கிக்கொண்டு வருகிறவன் மேல் அடுத்த இடத்துக்குக் கோபம் இருக்கும். வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கடன் அடைத்த கை, ஈலியில் குத்தகை பாக்கியைக் கேட்ட கையாகத்தான் இருக்கும். உன் புது நாற்காலியில் நீயும் யாராவது ஒருவருக்கு அந்தக் கையாகத்தான் இருப்பாய். அதற்காக இரண்டு வரி எழுதப்பட்டால் எழுதட்டும். எழுதியவன் குத்தகை கட்டினானா என்று நமக்குத் தெரியாது.

ஆனால் அவர் செய்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. விக்ளிஃப் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கான்டர்பரி ஹால் என்று ஒரு சின்னக் கல்லூரி. முந்தைய பேராயர் ஐஸ்லிப், மடத்துத் துறவிகளும் மடம் சாராத குருக்களும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று தொடங்கியது. இரண்டு கூட்டமும் ஒத்துப்போகவில்லை. 1365இல் ஐஸ்லிப், துறவியான தலைவரை எடுத்துவிட்டு ஜான் விக்ளிஃபைத் தலைவராக்கினார். இரண்டு வருஷத்தில் சைமன் வந்து விக்ளிஃபையும் அவர் ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி துறவிகளையே உட்காரவைத்தார். விக்ளிஃப் போப்பிடம் மேல்முறையீடு செய்தார். 1370இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பிற்காலத்தில் மடங்களின் சொத்தைப் பற்றி விக்ளிஃப் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சியதற்கு இந்த வழக்குதான் காரணம் என்று அவருடைய எதிரிகள் சொன்னார்கள். அது அநியாயம், விக்ளிஃபுக்குச் சொல்ல அதைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனாலும் சைமன் அங்கே நீதிபதியாக நடந்துகொள்ளவில்லை, பழைய மடத்துக்காரராக நடந்துகொண்டார். தன் ஆட்கள் என்று வந்தால் அவர் தராசு ஒரு பக்கம் சாயும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே குரு பல ஊர்த் தேவாலயங்களின் வருமானத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு எங்கேயும் இல்லாமல் இருப்பது அந்தக் காலத்து நோய். 1366இல் அப்படி இருப்பவர்கள் பட்டியலைக் கேட்டு போப் உத்தரவிட்டார். பட்டியல் வாங்கும் வேலை கான்டர்பரி மாகாணத்தில் சைமன் தலையில். விக்கம் வில்லியம் என்று அரசருக்கு வேண்டிய ஒரு குருவின் பட்டியல் மட்டும் படிக்கப் படிக்க நீள்கிறது. அடுத்த வருஷமே அதே வில்லியத்துக்கு வின்செஸ்டர் ஆயராக அபிஷேகம் செய்தவர் சைமன். சான்சலர் பதவியில் சைமனுக்கு அடுத்து உட்கார்ந்தவரும் அதே வில்லியம். அரசாங்கம் என்றால் இப்படித்தான். சைமன் பிறகு என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன்.

1368 செப்டம்பரில், இத்தாலியில் மோன்டெஃபியாஸ்கோனே என்ற ஊரிலிருந்து போப் அர்பன் அவருக்குக் கர்தினால் பதவி கொடுத்தார். சிவப்புத் தொப்பி. ஆமாம், கப்பம் கேட்டு இல்லை என்று பதில் வாங்கிய அதே அர்பன். சைமன் ஏற்றுக்கொண்டார். அரசரைக் கேட்கவில்லை.

இங்கேதான் அவர் வாழ்க்கையே திரும்புகிறது. எட்வர்டு இடத்திலிருந்து யோசித்துப் பார். போப்பின் நியமனங்களைத் தடுக்க 1351இல் ஒரு சட்டம், 1353இல் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோகாதே என்று இன்னொரு சட்டம் போட்ட அரசர். பிரெஞ்சுக்காரர்கள் நிறைந்த போப்பின் அவையில் தன் பழைய சான்சலர், கஜானாவின் உள்ளும் புறமும் அறிந்த மனிதர், போய் உட்காரப்போகிறார். அரசர் சத்தம் போடவில்லை. கர்தினால் ஆகிவிட்டால் கான்டர்பரி காலி என்று அர்த்தம் என்று சொல்லி, பேராயரின் நிலபுலன் முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். நவம்பர் கடைசியில் சைமன் பதவி விலகினார். ஒட்ஃபோர்டில் ஒரு வீட்டில் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்துவிட்டு, 1369 பிப்ரவரியில் நாட்டை விட்டே கிளம்பினார். பேராயர் நாற்காலியில் முழுசாக இரண்டரை வருஷம்கூட இல்லை.

எல்லோருடைய கணக்கையும் சரிபார்த்த மனிதருக்கு இந்தக் கணக்கு எப்படித் தப்பியது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அரசரைக் கேட்டால் 'வேண்டாம்' என்பார் என்று தெரிந்தேதான் கேட்காமல் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. நீயும் உன் இப்போதைய தலைவரிடம் இன்னும் வாயே திறக்கவில்லை என்கிறாய். காரிடாரில் வேறு யாராவது சொல்லி அவர் காதுக்குப் போவதற்கு முன்னால் நீ போய்ச் சொல்லிவிடு. இது சைமனுக்காகச் சொல்லவில்லை, உன் அப்பாவின் ஆபீஸ் அனுபவத்தில் சொல்கிறேன்.

அவிஞ்ஞோனில் அவருக்குக் குறைவில்லை. 1371இல் அடுத்த போப் பதினோராம் கிரகோரி, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் சமாதானம் பேச இவரையும் டோர்மான்ஸ் என்ற பிரெஞ்சுக் கர்தினாலையும் அனுப்பினார். அந்தச் சாக்கில் தொப்பியோடு இங்கிலாந்தில் வந்து இறங்கினார். அரசரோடு மனஸ்தாபம் தீர்ந்தது. சமாதானம் மட்டும் வரவில்லை. கிரகோரி அவரை பாலெஸ்ட்ரீனாவின் கர்தினால் ஆயராக உயர்த்தினார். 1374இல் கான்டர்பரி மறுபடி காலியாக, அங்கே இருந்த துறவிகள் சைமனையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்! நூறாயிரம் பேர் அழுதார்களாமே, அந்த கென்ட்டில். அரசரின் ஆட்களுக்கு வேறு ஆள் மனதில். இவரை அனுப்ப முடியாது, எனக்கு இங்கே வேண்டும் என்றார் போப். நாற்காலி சைமன் சட்பரிக்குப் போனது. 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் நுழைந்தபோது தலையை இழந்தவர் அந்த சட்பரி.

இனி நான் சொல்லாமல் வைத்தது. அவிஞ்ஞோனில் இருந்தபடியே நம் சைமன் இங்கிலாந்தில் வெல்ஸ் நகரம் முதலிய இடங்களில் பல தேவாலயப் பதவிகளின் வருமானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஆள் பல பதவி என்று பட்டியல் எடுத்த அதே மனிதர். போகாத ஊர், பார்க்காத ஜனம், வந்து சேரும் பணம். இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து படித்தபோது அந்தப் பணம் எங்கே போனது என்று தெரிந்தது. அவர் கொடுத்ததையும் உயிலில் வைத்ததையும் சேர்த்து, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குப் போனது 10,000 பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்து 10,000. 1351இல் போட்ட கூலிச் சட்டப்படி தேர்ந்த கல் கொத்தனுக்கு நாளுக்கு 4 பென்னி. பவுண்டுக்கு 240 பென்னி. நீயே பெருக்கிப் பார்: ஒரு கொத்தனின் 6 லட்சம் நாள் கூலி. புத்தகங்கள் தனி, பாத்திரங்களும் உடைகளும் தனி.

அபேயில் நீ எனக்குக் காட்டிய நடுக்கூடம் நினைவிருக்கிறதா? அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று சொன்னேனே, அது. மூன்றாம் ஹென்றி 1245இல் பழைய தேவாலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கி, கிழக்குப் பாதியை முடித்துவிட்டு இறந்துபோனார். பணம் நின்றது. நூறு வருஷத்துக்கு மேல், கிழக்கே வானளாவப் புதுக்கட்டடம், மேற்கே குட்டையாகப் பழைய கட்டடம், இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. சைமன் துறவியாகச் சேர்ந்தபோதும், 26 பேரை அடக்கம் செய்தபோதும், நகையை விற்றபோதும் அந்த ஒட்டுப்போட்ட கட்டடத்துக்குள்தான் தினம் எழுந்து ஜெபம் சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய நடுக்கூடத்தில்தான் அவருடைய அப்பா தாமஸை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

சைமனுக்குப் பின் மடாதிபதியான லிட்லிங்டன், 1376இல் அவருடைய பணத்தை நம்பிப் பழைய நடுக்கூடத்தை இடித்து வேலையைத் தொடங்கினார். மேற்பார்வை, ஹென்றி யெவலி என்ற பேர்போன கட்டடக் கலைஞர். யெவலி செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் காலத்தில் கட்டடப் பாணியே மாறியிருந்தது. ஆனாலும் நூறு வருஷம் முந்தைய பாணியிலேயே கட்டினார். அதனால்தான் உள்ளே நின்று பார்த்தால் எங்கே ஹென்றி முடிந்து எங்கே சைமன் தொடங்குகிறார் என்று சட்டென்று கண்ணுக்குப் படாது. வேலை முடிய 1500ஐத் தாண்டிவிட்டது, அது வேறு கதை.

கட்டுகிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று சைமன் ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டார். கிரகோரியும் இந்தத் தடவை சரி என்றுவிட்டார். 1376 ஜூலை 20ஆம் தேதி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கவாதம் வந்தது. 22ஆம் தேதி இறந்துவிட்டார். முதலில் அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் போன்பா என்ற கார்த்தூசியர் மடத்தில் வைத்தார்கள்; மூன்று வருஷம் கழித்து உடலை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறையைக் கட்டியவரும் யெவலிதான்.

நாம் போன அன்றைக்கு அந்தக் கல்லறை இருக்கிற பெனடிக்ட் சிற்றாலயத்துக்குள் விடவில்லை, கம்பி வழியாகத்தான் எட்டிப் பார்த்தோம். கவிஞர்கள் மூலையில் எல்லோரும் சாசர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரின் கல்லறையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பக்கம் இவர் யாருமில்லாமல் படுத்திருந்தார். பால்வெள்ளை அலபாஸ்டர் கல், தலையில் ஆயர் முடி, பூசை உடை மடிப்பு மடிப்பாக. முகம் சாந்தமாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். எனக்கு ஏதோ கணக்கு சரிபார்க்கிறவர் முகமாகத்தான் பட்டது. நீ அடுத்த தடவை போனால் பக்கவாட்டில் உள்ள கேடயச் சின்னங்களை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பு. என் போன் அன்றைக்கு சார்ஜ் போய்விட்டது.

அந்தக் கல்லில் ஈலி விலாங்கு மீன்காரனின் பணமும் இருக்கிறது, கென்ட்டில் அழுதவர்களின் பணமும், வெல்ஸில் அவர் எட்டிப் பார்க்காத தேவாலயங்களின் பணமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மடம் கடனில் கிடந்தபோது பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்டவர் அவர், அதையும் மறைக்கமாட்டேன். பதவியை எடுப்பதா வேண்டாமா என்பது உன் பாடு. எடுத்தால் திட்டு வாங்குவாய். அது தாங்கக்கூடியதுதான். அப்பா ரெவின்யூவில் இருந்தபோது எங்கள் வீட்டு மதிலிலேயே கரியால் எழுதிவைத்தார்கள், அடுத்த மழையில் போய்விட்டது.

மதில் என்றதும் ஞாபகம் வருகிறது. மாடி எடுக்கப் பணம் அனுப்புகிறேன் என்று மறுபடி சொல்லியிருக்கிறாயாம், அப்பா சொன்னார். மாடி வேண்டாம், தம்பி. எனக்கு முழங்கால் இருக்கிற நிலைமையில் மாடி ஏறப்போவது யார்? கட்டினால் வாடகைக்கு ஆள் பார்க்க வேண்டும், அப்புறம் அவர்களோடு தண்ணீர்ச் சண்டை. அந்தக் காசில் நீங்கள் மூன்று பேரும் பொங்கலுக்கு டிக்கெட் போட்டு வாருங்கள், பள்ளிக்கூட லீவு ஒத்துவராவிட்டால் மே மாதம் வாருங்கள், வெயில் பழகிவிடும். ஆனால் பின்பக்க மதில் வேப்பமர வேரில் தூக்கி விரிசல் விட்டு நிற்கிறது. அதற்கு மட்டும் அனுப்பு. கொத்தனார் 60,000 கேட்கிறார். நான் 45க்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் சொல்கிறேன்.

மருமகளுக்கு நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், உன் தங்கை வீட்டுக்காரர் அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருவார். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா